சிற்றுருவ வண்டிகள் கூறும் வரலாறு

குதிரை பூட்டிய பழைய வண்டியொன்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆணியும் ஆரமும் பிசகாமல் மரத்திற் சமைக்கும் மனிதரைக் கண்டால், 'வயது வந்தவர்க்கு ஏன் இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு?' என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்தில் இதனை ஓய்வுநேரப் பணியாக மேற்கொண்டோர் பலர் உளர். அவர்கள் செய்வது விளையாட்டன்று. எழுதப்படாத நூலொன்றைப் படிக்கும் முயற்சி என்பதே என் துணிபு.

இங்கிலாந்தின் உழவர்கள் பயன்படுத்திய நான்கு சக்கர வண்டி வட்டாரந்தோறும் வேறுபட்டது. கிழக்குப் பகுதியில் பெட்டி போன்ற கனத்த வண்டி. காட்ஸ்வோல்டுக் குன்றுப் பகுதியிலோ, பின்சக்கரத்தின் மேல் வில்லாக வளைந்தெழும் பக்கப் பலகையுடைய இலகுவான வண்டி. இவற்றைச் செய்த தச்சர்கள் வரைபடம் எழுதி வைத்தாரல்லர். அளவுகள் நினைவிலும், பட்டறைச் சுவரில் தொங்கிய மாதிரிப் பலகைகளிலும் இருந்தன. டிராக்டர் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வண்டிகள் கொட்டகைகளில் மக்கின, பல விறகாயின. 1951இல் ரெடிங் பல்கலைக்கழகம் ஊரக வாழ்வியல் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தது. 1961இல் ஜெரெய்ன்ட் ஜென்கின்ஸ் இவ்வண்டிகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். 1970களில் ஜான் தாம்சன் போன்றோர் எஞ்சிய வண்டிகளை அங்குலம் அங்குலமாக அளந்து, சிற்றுருவம் செய்வோர்க்கென வரைபடங்கள் வெளியிட்டனர்.

ஆயினும் வரைபடம் 'எவ்வளவு' என்பதைத்தான் கூறும். 'ஏன்' என்பதைக் கூறாது. இவ்விடத்தில் ஜார்ஜ் ஸ்டர்ட் என்பாரை நினைவுகூர்தல் பொருந்தும். சர்ரே மாவட்டத்து ஃபார்னம் ஊரில் ஆசிரியப் பணி செய்தவர் அவர். 1884இல் தந்தை இறக்கவே, இருபத்தொரு வயதில் குடும்பத்தின் வண்டிப் பட்டறை அவர் கைக்கு வந்தது. முதலாளி அவரே, தொழில் அறிந்தவர்களோ அவரிடம் கூலி பெற்ற தச்சர்கள்! ஒரு மரத்தை ஏன் இவ்வளவு செதுக்க வேண்டும் என்று கேட்டால் அவர்களால் சொல்ல இயலாது. செதுக்க மட்டும் இயலும். போட்டியைத் தாங்க இயந்திர வாளைப் பட்டறைக்குள் கொண்டுவந்தவரும் ஸ்டர்ட்தாம். அதனால் அழிந்த கைத்திறனை எண்ணி வருந்தி, 1923இல் அவர் எழுதிய பட்டறை நினைவுகளே இத்தொழிலுக்குக் கிடைத்த சிறந்த சான்று. கோப்புகளின் நடுவே காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு, எழுத்தில் இல்லாதது நிகழவேயில்லை என்று எண்ணும் பழக்கம் உண்டு. ஸ்டர்ட்டைப் படித்தபின் அப்பழக்கம் சற்றே தளர்ந்தது.

சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்த் தச்சர் குடம், ஆரக்கால், வட்டை என்று வழங்கும் உறுப்புகளே அங்கும் உள்ளன. குடத்திற்கு எல்ம் மரம். அதன் இழைகள் பின்னிக் கிடப்பதால், சுற்றிலும் துளையிட்டாலும் பிளவாது. ஆரக்காலுக்கு ஓக், அதனை வாளால் அறுக்காமல் இழையோடு பிளந்தெடுப்பர். வட்டைக்கு வளைந்து கொடுக்கும் ஆஷ். ஒவ்வொரு வட்டைத் துண்டிலும் ஈரிரண்டு ஆரக்கால்கள் பொருந்தும்.

இச்சக்கரம் தட்டையாக இராது. வெளிப்புறம் நோக்கிக் குழிந்த தட்டுப்போல் இருக்கும். இதனை அழகுக்காகச் செய்தது என்று கருதித் தட்டையான சக்கரம் பூட்டிய சிற்றுருவங்கள் உண்டு. எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் பூசினும் அவை பொய்ச் சாட்சிகளே. குதிரை நடக்கையில் வண்டி இருபுறமும் மாறிமாறி அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் குடம் வெளிப்புறம் தள்ளப்படுகிறது. தட்டைச் சக்கரமாயின் நாளடைவில் குடை காற்றில் மறுபுறம் மடங்குவதுபோல் மடங்கிவிடும். குழிவுடைய சக்கரத்தில், அத்தள்ளல் சாய்ந்த ஆரக்கால்களின் வழியே வட்டையையும் அதன் மேலுள்ள இரும்புப் பட்டாவையும் சென்று முட்டி அடங்குகிறது. கீழ்நிற்கும் ஆரக்கால் சுமையை நேராகத் தாங்கவேண்டி, அச்சின் முனையைச் சற்றே தாழ்த்தி அமைப்பர். அச்சாணியின் அருமையை வள்ளுவர் உரைத்தார்; இந்தத் தாழ்வின் அருமையை, ஒரு முறை பிழையாகச் செய்து பார்த்தவரே அறிவர்.

மற்றொன்று: வண்டிச் சட்டங்களின் விளிம்புகளைச் சீவி, மூலைகளை மழுக்கியிருப்பர். காண்போர் ஒப்பனை என்பர். மூட்டுகள் உள்ள இடத்தில் மட்டும் மரம் முழுக்கனமாக விடப்பட்டிருப்பதைச் சிற்றுருவம் செய்பவர் தம் கையாலேயே உணர்கிறார். வலிமை வேண்டாத இடத்து மரத்தை நீக்கியது குதிரையின் சுமையைக் குறைப்பதற்கே. வாயில்லாப் பிராணியின்பால் காட்டிய இரக்கம் என்று மட்டும் இதனைக் கொள்ளல் வேண்டா. குதிரை விலையுயர்ந்த பொருளுமன்றோ!

சிற்றுருவத்திற்கும் எல்லை உண்டு. நீளம் எட்டில் ஒன்றானால் எடை 512இல் ஒன்றாகும். 1,000 கிலோ வண்டி இரண்டு கிலோவிற்குள் அடங்கிவிடும். சுமையில் முனகும் வண்டியின் குணம் அதில் வாராது. மர இழையும் அளவிற்கேற்பச் சுருங்காது. ஆகவே ஓக் மரத்திற்கு மாறாக, நுண்ணிழையுடைய பேரி மரத்தை நாடுவோர் உண்டு. மரத்தையும் உண்மையாகவே வைக்கவேண்டும் என்பாரும் உளர். எல்ம் கிடைப்பதோ அரிது. 1960களின் இறுதி தொட்டுப் பரவிய பூஞ்சை நோயால் இங்கிலாந்தில் கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் மடிந்தன. தச்சரும் போயினர், அவர் நம்பிய மரமும் போயிற்று.

பட்டா ஏற்றுவதை ஊரிற் சிறுவயதில் கண்ட நம்மவர், சிற்றுருவக்காரர் செய்வதைக் கண்டால் வியப்பர். சக்கரத்தின் சுற்றளவினும் மயிரிழை குறைவாக இரும்பு வளையத்தைப் பற்றவைத்துச் சூடேற்றுகிறார். அது விரிந்ததும் கையகலச் சக்கரத்தின்மேல் இட்டு நீர் தெளிக்கிறார். 'சுர்' என்ற ஒலியோடு வளையம் இறுகுகிறது. வட்டை மூட்டுகள் ஒன்றையொன்று கவ்வுகின்றன. ஆரக்கால்கள் குடத்துள் இன்னும் சற்று இறங்குகின்றன. குழிவு கண்ணெதிரே ஆழமாகிறது.