உருகுவே பரஸ்பர உதவி வீட்டுவசதிக் கூட்டுறவுகள்

தென் அமெரிக்க நாடான உருகுவேயில் உறுப்பினர்களே கட்டி, உறுப்பினர்களே நிர்வகிக்கும் குடியிருப்புகள். 1966-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இவற்றுக்கு 1968-ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டம் சட்ட வடிவம் தந்தது. இவற்றின் கூட்டமைப்பான ஃபுக்வாம் 1970-இல் உருவானது.

அரசு கடன் தருகிறது. கட்டுமானத்தின் ஒரு பங்கு உறுப்பினர்களின் உழைப்பு. குடும்பத்துக்கு வாரம் சுமார் 21 மணி நேர வேலை. கலவை போடுவது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, இரவுக் காவல், கணக்கு எழுதுவது எல்லாம் இதில் சேரும். பல இடங்களில் வேலை முடியும் தறுவாயில்தான் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்குகிறார்கள். எது தன் வீடு என்று தெரியாததால் எல்லாச் சுவரையும் ஒரே அக்கறையோடு எழுப்புகிறார்கள். அருமையான ஏற்பாடு இது. குடியேறும் முன்பே அண்டை வீட்டார் பழகிவிடுகிறார்கள்.

நிலமும் கட்டடமும் கூட்டுறவுக்குச் சொந்தம். குடும்பத்துக்கு இருப்பது காலவரையற்ற பயன்பாட்டு உரிமை. அது வாரிசுகளுக்கும் செல்லும். விலகுபவர், தான் செலுத்திய பணத்துக்கும் உழைப்புக்கும் உரிய பங்குத்தொகையைப் பெறுவார். சந்தை விலைக்கு விற்று லாபம் பார்க்க முடியாது. அதனால்தான் ஊரில் நிலவிலை ஏறினாலும் இந்த வீடுகள் உழைக்கும் மக்களின் கையிலேயே நிற்கின்றன. முடிவுகள் பொதுக்குழுவில், ஆளுக்கொரு வாக்கு. வேலையிழந்த குடும்பத்தின் மாதத் தவணைக்கு உதவ நிதி வைத்திருப்பதும் உண்டு.

நாட்டை அப்போது ஆண்ட ராணுவ அரசு இந்தக் கூட்டு உடைமையைத் தனி உடைமையாக மாற்ற முனைந்தபோது, 1984 பிப்ரவரியில் ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான எதிர்ப்புக் கையெழுத்துகள் திரண்டன.