குளச்சல் தூணும் பனந்தடிப் பீரங்கியும்

போரில் பகைவரிடமிருந்து பறித்த பீரங்கியை ஊர்நடுவே நிறுத்தி, களத்தில் மடிந்தோரை நினைவுகூர்வது மேலைநாட்டார் மரபு. சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் அத்தகைய பீரங்கி ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திச் சென்ற 'எம்டன்' கப்பலின் பீரங்கிகளுள் ஒன்று அது. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' எம்டனை வீழ்த்தியது. குண்டு விழுந்த சென்னையில் உயர்நீதிமன்ற மதிலோரம் ஒரு கல்வெட்டு மட்டுமே எஞ்ச, குண்டெறிந்த பீரங்கி கடல்கடந்து பூங்காவின் அணியாயிற்று.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே சென்றால் குளச்சல். அங்கே நிற்பது பீரங்கி அன்று, ஒரு வெற்றித்தூண். ஐரோப்பியக் கடல்வல்லரசு ஒன்றனை இந்திய மன்னர் ஒருவர் முறியடித்த களத்தின் அடையாளம் அது. திருவிதாங்கூர்ப் படையின் வழித்தோன்றலான மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் குளச்சல் வெற்றியைத் தன் பெருமையாகப் போற்றி வருகிறது. வெற்றிநாளை 1741 ஜூலை 31 என்பாரும் ஆகஸ்ட் 10 என்பாரும் உளர்.

போரின் வேர் மிளகு. மார்த்தாண்டவர்மர் வடக்கே நாடுகளை ஒவ்வொன்றாக இணைத்துவந்தபோது, மிளகு வாணிகம் கைநழுவும் என்று டச்சுக் கம்பெனி அஞ்சிற்று. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் 1739இல் மன்னரை நேரில் கண்டு எச்சரித்தார். படையெடுப்போம் என்ற மிரட்டலுக்கு, தம் மீனவரைக் கொண்டு ஐரோப்பாவின்மீது படையெடுக்கத் தாமும் எண்ணியிருப்பதாக மன்னர் விடையிறுத்தாராம். எள்ளலாகச் சொன்னதே எனினும், மீனவரைத் தம் படையாகக் கருதிய சொல் அது.

அடுத்து இலங்கையிலிருந்து கப்பல்கள் வந்தன. தேங்காய்ப்பட்டணம், மிடாலம், கடியபட்டணம் முதலிய கரையூர்களும் அத்தாக்குதலுக்கு இலக்காயின எனத் திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர் எழுதுவர். அரசமாளிகையில் தீட்டிய போர்த்திட்டத்தின் முதல் அடியை வாங்கியவர் வலை உணக்கிக்கொண்டிருந்த மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது. டச்சுப்படை குளச்சலில் இறங்கி மரவேலி அமைத்துப் பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. வடக்கே போரில் இருந்த மன்னர் விரைந்து திரும்பித் திருவட்டாறு ஆதிகேசவன் திருமுன் வாளை வைத்து வணங்கிப் புறப்பட்டார் என்பர். முற்றுகைக்குள் அகப்பட்ட டச்சுப்பாசறையில் வெடிமருந்து தீப்பற்றிப் பண்டகசாலையும் எரிய, எஞ்சியோர் பணிந்தனர். 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் வாள்களும் மன்னர் கைக்கு வந்தன. ஐரோப்பியர் 24 பேர் சிறைப்பட்டனர்.

கரையோரத்தில் வழங்கும் கதை வேறொரு பீரங்கியைப் பேசும். மாட்டுவண்டிகளில் பனந்தடிகளைச் சாய்த்துவைத்து, கடலிலிருந்து காண்போர்க்குப் பீரங்கி வரிசையெனத் தோன்றச் செய்தனராம். முக்குவ மீனவர் துடுப்புகளைத் தோளில் சார்த்தித் துப்பாக்கி ஏந்திய வீரராய் அணிவகுத்து நின்றனராம். ஆவணங்கொண்டு நிறுவ அரிய செய்தி இது. ஆயினும் பனையும் துடுப்பும் அன்றி வேறு படைக்கலம் இல்லாத மக்கள், போரில் தமக்குரிய பங்கை இக்கதையில் பொதிந்துவைத்திருக்கின்றனர் என்றே கொள்ளல் வேண்டும். கைப்பற்றிய துப்பாக்கிகளை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதிய ஏடுகள், துடுப்பேந்தி நின்றோரின் பெயர்களை எழுதவில்லை. பெயரறியா அவர்கட்குத் தூணில் என்ன இடம் என்ற வினாவை இக்கதையே எழுப்புகிறது.

சிறைப்பட்டோருள் ஒருவரே டிலனாய். மன்னர் அவரை ஒறுக்கவில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கப் பணித்தார். தோற்றவரிடமே போர்க்கலையைக் கற்கத் துணிந்த அவ்வறிவு, களவெற்றியினும் பெரிது எனலாம். டிலனாய் 'வலிய கப்பித்தான்' ஆனார். மேலைமுறையில் படைவீரரைப் பழக்கினார். தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தினார். பீரங்கி வார்க்கும் பட்டறையும் அதனுள் எழுந்தது. 1753இல் மாவேலிக்கரையில் செய்த உடன்படிக்கையில், மன்னரின் பகைவர்க்குத் துணைநிற்பதில்லை என்று டச்சுக்காரர் ஒப்பினர். அவருக்குப் படைக்கலம் விற்கவும் இசைந்தனர்.

டிலனாயின் மகன் இளமையிலேயே களக்காட்டுப் போரில் மாண்டான். தந்தை 1777 ஜூன் 1 அன்று உதயகிரியில் மறைந்தார். கோட்டைக்குள் கூரை இழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவர்தம் கல்லறைகள் உள்ளன. டிலனாயின் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. எதிரியாய் வந்திறங்கியவருக்குத் தமிழில் கல்வெட்டு வாய்த்தது.

அக்கோட்டையில் வார்த்த பெரும்பீரங்கி ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேயக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. நீளம் 16 அடி. 22 பவுண்டுக் குண்டு நுழையும் வாய். பல்லாயிரம் ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும், வார்த்த இடத்தைவிட்டுச் சில கெஜந்தானும் அதனை நகர்த்த இயலவில்லையாம்.