ஆற்றுப்படை இல்லாத வழி

பத்துப்பாட்டுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. செங்கண்மாத்து வேள் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் வேறொரு கூட்டத்தாருக்கு மலைவழியை எடுத்துரைப்பதாக நூல் அமைந்துள்ளது.

நன்னனின் கொடைச் சிறப்பை வகுப்பில் விரித்துரைப்பது வழக்கம். வழி கூறும் பகுதியோ பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகிறது. ஆயினும் கூட்டமாய்ப் பல நாள் மலைவழி நடப்போர்க்கு வேண்டுவன யாவும் அப்பகுதியில்தான் இருக்கின்றன. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆதலால் விடிந்த பின்னரே நடக்க வேண்டும். இரவு வந்துவிட்டால் சொந்த வீட்டில் நுழைவதுபோலக் கற்குகையில் புகுந்து தங்க வேண்டும். இன்ன குடியில் இன்ன உணவு கிடைக்கும். வழிகள் பிரியும் இடத்தில், பின்வருவோர் மயங்காதவாறு புல்லை முடிந்து அடையாளம் இட வேண்டும்.

தொலைவு, நீர், உணவு, இராத்தங்கல் என்னும் நான்கும் தெரிந்த பிறகே கூட்டம் புறப்படும். இந்நான்கையும் சொல்வார் இல்லாமல் தமிழர் பெருந்திரளாய் ஒரு மலைநாட்டை நோக்கி நடந்த காலமும் உண்டு. அதுவே மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சென்ற வழியின் வரலாறு.

கடலுக்கு இப்பாலும் அப்பாலும்

இலங்கையின் கண்டி மலைநாட்டில் 1820களில் தொடங்கிய காப்பிப் பயிர், அடுத்த இருபது ஆண்டுகளில் வேகமாய்ப் பரவிற்று. பழம் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வரக் கண்டிக் குடியானவர் விரும்பவில்லை. ஆகவே தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் அழைக்கப்பட்டனர். 1844ஆம் ஆண்டில் மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஆரம்பத்தில் வந்தவருள் பெண்கள் மிகச் சிலரே. பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். ஆகவே அவ்வழியை இருமுறை நடந்தனர்.

இராமேசுவரம் வரையிலான வழி பழைய யாத்திரை வழியாகும். அவ்வழியில் அரசரும் செல்வரும் சத்திரங்கள் கட்டிவைத்திருந்தனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1800களின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் அறமாகவே எண்ணப்பட்டன. கடலைத் தோணியில் கடந்து மன்னாரில் இறங்கியபின் அந்த அறம் துணைக்கு வரவில்லை.

மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை ஏறத்தாழ 150 மைல். இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி காடு. மழை பொய்த்த மாதங்களில் குளங்கள் வற்றிக் கிடந்தன; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தபோது ஆறுகள் வழியை மறித்தன. முன்னதில் குடிக்கக் கிடைத்தது கலங்கல் நீர். பின்னதில் வந்தது மலேரியாக் காய்ச்சல். வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் கூட்டத்தோடு கூட்டமாய் நடந்தன. சமவெளி வெயிலுக்குப் பழகிய உடல், இறுதியில் மலைக் குளிரையும் தாங்க வேண்டியிருந்தது.

கங்காணியின் கணக்கு

இந்தப் பயணத்துக்குத் திட்டமே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. திட்டம் இருந்தது, அது கங்காணியின் கையில் இருந்தது. தோட்டத்துரையிடம் முற்பணம் பெற்று ஊருக்குச் செல்பவன் அவனே. ஆள் சேர்ப்பவனும், ஊர்க்கடனைத் தீர்ப்பவனும், வழிச்செலவு செய்பவனும் அவனே. அச்செலவு தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. பின்னாளில் அக்கடனைக் காட்டும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர் வழங்கிற்று. இலங்கையில் அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அரிசிச் செலவும் கூடும். நோயாளிக்காகக் கூட்டம் முழுவதும் காத்திருந்தால் தோட்டத்தில் பறிப்புத் தவறும். ஆகையால் நடக்க இயலாதவர் வழியோரத்தில் விடப்பட்டதும் உண்டு. தலைகளையும் கடனையும் எண்ணிய அந்தத் திட்டத்தில் இரவு தங்குமிடத்துக்கு இடமில்லை.

இறந்தோர் எத்தனை பேர்? அக்காலத்துச் செய்தித்தாள்கள் மிகப் பெரிய தொகைகளைக் கூறின. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையைக் கழித்து, எஞ்சியவரை இறந்தோராகக் கொண்ட கணக்குகள் அவற்றுள் உண்டு. தோட்டங்களிலேயே தங்கிவிட்டவரும், பதிவில் ஏறாமல் ஊர் திரும்பியவரும் அக்கணக்கில் மறைந்துபோயினர். ஆகவே வரலாற்றாசிரியர் பலர் அத்தொகைகளை அப்படியே ஏற்பதில்லை. தொகையில் ஐயம் இருக்கலாம். சாவு மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. எண்ணி வைக்கக்கூட ஒருவரும் இல்லாமற் போனதே அவ்வழியின் நிலையைக் காட்டும்.

கொட்டகையும் கிணறும்

ஆளுநர் என்றி வார்டு காலத்தில், 1858இல், குடியேறும் தொழிலாளர்க்கென ஓர் ஆணைக்குழு சட்டத்தின்வழி அமைந்தது. வடபாதையில் காடு வெட்டப்பட்டது. இடையிடையே தங்கும் கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் ஏற்பட்டன. தோட்டங்களுக்கு ஆள் குறையுமே என்ற கவலையும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஓலைக் கூரையும் ஒரு கிணறும் அமைப்பது அரும்பெரும் செயலன்று, முன்னரே செய்திருக்கலாம். எழுபதினாயிரம் பேர் நடந்து சென்ற 1844க்குப் பின் பதினான்கு ஆண்டுகள் கழிந்தே அது சட்டமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. கால்நடையாய்க் கழிந்த நாள்கள் மக்களின் வாய்மொழியில் மட்டும் எஞ்சின.

மலேசியத் தமிழர்க்கு என்ன உறவு?

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் வந்த தமிழர் கப்பலில் வந்தனர். ஆகவே மாத்தளை வழி அயலார் கதைபோல் தோன்றலாம். ஆனால் 1880களில் சிலாங்கூரில் காப்பி பயிரிட வந்த துரைமாருள் சிலர் இலங்கையில் தோட்ட அனுபவம் பெற்றவர்கள். இலங்கையில் வேரூன்றிய கங்காணி முறையே இங்கும் பரவி, 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை ஆள் சேர்க்கும் வழியாய் இருந்தது.

இன்னும் அண்மையான உறவும் ஒன்று உண்டு. 1943இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பலர், ரயிலை விட்டு இறங்கியபின் காட்டுவழியே நாள்கணக்கில் நடந்தனர். மழை ஒழுகும் குடிசையும், கொதிக்கவைக்காத நீரும், வாந்திபேதியும் அங்கே மீண்டும் வந்தன. நூறு ஆண்டுக்கு முன் மாத்தளை வழி கற்பித்த பாடத்தை ஆள் கொண்டுசென்றவர் எண்ணிப் பார்க்கவில்லை.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கியது. 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. நிலம், வீடு, சமவுரிமை ஆகிய கோரிக்கைகளை அவர்கள் முன்வைத்தனர். இம்முறை எந்த நாள் எவ்வளவு தொலைவு, இரவு எங்கே என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. முன்னோர் பெற்றிராத ஆற்றுப்படையைப் பேரர்கள் தாமே எழுதிக்கொண்டனர்.

மலைபடுகடாம் கற்பிக்கும் ஆசிரியர், புல் முடிந்து வைக்கும் அந்த இடத்தில் சற்றே நின்று, இந்த வரலாற்றையும் மாணவர்க்குச் சொல்லலாம். முன்சென்றவர் பின்வருவோரை எண்ணி இடும் அடையாளம் அது. மாத்தளை வழியில் மாண்டவர்க்கு அதை இட ஆள் இருந்ததில்லை, இப்போது இருக்கிறார்கள்.