வறுமை இடிக்காமல் விட்ட வீடுகள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ், சஃபோக், வில்ட்ஷயர் பகுதிகளில் உள்ள பழைய கிராமங்களைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். தேன் நிறக் கல்வீடுகள், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், வீட்டை ஒட்டி ஓடும் ஓடை, தெரு முனையில் தேவாலயக் கோபுரம் என்று எல்லாமே படத்தில் பார்த்தபடி இருக்கும். இவை காலத்தின் கை படாத ஊர்கள், அமைதியான உழவர் வாழ்க்கை பல நூற்றாண்டுகளாகத் தொடரும் இடங்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இந்த விளக்கம் தவறு என்று நினைக்கிறேன். இவற்றில் பெயர்பெற்ற பலவும் ஒரு காலத்தில் தறிச் சத்தமும் சாயத்தொட்டி நாற்றமும் நிறைந்திருந்த தொழிலூர்கள். தொழில் நசிந்தது, பணம் வெளியேறியது, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் வசதி இல்லாமல் போனது. இன்று நாம் ரசிக்கும் அழகில் பெரும்பகுதி அந்த வறுமை மிச்சம் வைத்தது.

சஃபோக்கில் உள்ள லாவன்ஹாம் இதற்கு நல்ல சான்று. 1524ஆம் ஆண்டு வரிக் கணக்கின்படி அது இங்கிலாந்தின் 14ஆவது பணக்கார ஊர். யார்க், லிங்கன் போன்ற பெரிய நகரங்களைவிட அதிக வரி கட்டியது. வோட் என்ற செடியிலிருந்து எடுத்த நீலச் சாயம் ஏற்றிய தடித்த கம்பளித் துணிதான் அந்தச் செல்வத்தின் ஊற்று. ஸ்பிரிங் குடும்பம் போன்ற துணி வணிகர்கள் கம்பளியை வாங்கி, ஊராருக்கு நூற்கவும் நெய்யவும் கொடுத்து, துணியைத் திரும்ப வாங்கி ஏற்றுமதி செய்தார்கள். ஊர்த் தேவாலயத்தின் 141 அடிக் கோபுரத்தில் அந்தக் குடும்பத்தின் சின்னம் மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். வீடுகளும் அதே கதையைச் சொல்கின்றன. சில சுவர்களில் ஓக் மரச் சட்டங்கள் மிக நெருக்கமாக நிற்கும். இரண்டு சட்டங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஒரு சட்டத்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் அதிகம். சுவரின் பலத்துக்கு அவ்வளவு மரம் தேவையில்லை. இத்தனை மரத்தைச் செலவழிக்க என்னால் முடியும் என்று தெருவுக்குக் காட்டுவதே நோக்கம்.

ஆனால் அந்தச் செழிப்பு எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 1525இல் பிரான்ஸ் மீதான போருக்காக எட்டாம் ஹென்றியின் அரசு புதிய வரி கேட்டது. வரி கட்டினால் வேலை தர முடியாது என்று வணிகர்கள் கையை விரித்தார்கள். வேலையிழந்த நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் லாவன்ஹாமில் கூடினார்கள். உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபோக் பிரபு கேட்டபோது, வறுமைதான் எங்கள் தலைவன் என்ற பொருளில் ஜான் கிரீன் என்ற முதியவர் பதில் சொன்னதாக அக்கால வரலாற்று நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. அரசு பின்வாங்கி வரியைக் கைவிட்டது. எலிசபெத் காலத்தில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து கோல்செஸ்டருக்கு அகதிகளாக வந்த நெசவாளர்கள் மெல்லிய, விலை குறைந்த புதுவகைத் துணிகளை நெய்யத் தொடங்கியதும் லாவன்ஹாமின் தடித்த நீலத் துணிக்குச் சந்தை சுருங்கியது. சங்கக் கூடமாகக் கட்டப்பட்ட கில்ட்ஹால் பின்னாளில் சிறையாகவும், ஏழைகளை வேலைவாங்கித் தங்கவைக்கும் விடுதியாகவும் ஆனது. வசதி தங்கிய ஊர்களில் பழைய மரச்சட்ட வீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள். லாவன்ஹாமில் பலரால் முடிந்தது சட்டங்களின் மேல் சுண்ணாம்பு பூசுவதுதான். அந்தப் பூச்சுக்கடியில் ஊர் அப்படியே கிடந்தது.

மேற்கே காட்ஸ்வோல்ட்ஸிலும் இதே கதைதான். பைபரியில் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் ஆர்லிங்டன் ரோ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காக எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. அதன் முன்னால் உள்ள ஈரமான புல்வெளிக்கு ரேக் ஐல் என்று பெயர். அடித்துக் கெட்டிப்படுத்திய துணியைச் சட்டங்களில் இழுத்துக் கட்டி உலர்த்திய இடம் அது. இங்கிலாந்தின் மிக அழகிய கிராமம் என்று 1962இல் தேர்வான காசில் கூமில் 15ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுவாக இருந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், பிரான்சில் போரிட்ட தன் படைக்கு வேண்டிய துணியை இங்கேயே வாங்கி ஊரை வளர்த்தார். கம்பளித் துணிக்கு வந்த போட்டியில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. அங்கிருந்தும் இந்தியாவின் மற்ற துறைமுகங்களிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன வண்ணப் பருத்தித் துணிகளை இங்கிலாந்துப் பெண்கள் விரும்பி உடுத்தினார்கள். கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, 1700இலும் 1721இலும் நாடாளுமன்றம் தடைச் சட்டங்கள் இயற்றியது. அந்தச் சட்டங்களாலும் இந்தச் சிற்றூர்களின் நெசவைக் காப்பாற்ற முடியவில்லை. நீராவி இயந்திரம் வந்தபின் நிலக்கரி கிடைக்கும் யார்க்ஷயருக்குக் கம்பளித் தொழில் போய்விட்டது. லீட்ஸும் பிராட்ஃபோர்டும் வளர்ந்தன. வளர்ந்த வேகத்தில் தங்கள் பழைய தெருக்களை இடித்துத் தள்ளின. பைபரிக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வறுமை எதையும் கட்டுவதில்லை, இந்த அழகு கல்லின் தரத்தாலும் கொத்தனின் கைத்திறத்தாலும் வந்தது என்று கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தத் திறமையை நானும் வணங்குகிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் கூரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் வெட்டியெடுத்த கல்லை ஈரம் காயவிடாமல் வெட்டவெளியில் போட்டு வைப்பார்கள். குளிர்காலப் பனியில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது கல் தானே ஏடு ஏடாகப் பிளக்கும். அந்த ஏடுகளில் துளையிட்டு, மர ஆணியால் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். கூரையின் அடிவிளிம்பில் பெரிய ஏடுகள், மேலே போகப் போகச் சிறியவை. உச்சியில் கையகலம்தான் இருக்கும். கனமான பெரிய கற்களைச் சுவர் தாங்கும், மழைநீர் அதிகம் சேரும் இடத்தில் இணைப்புகள் குறையும். இத்தனை யோசனையும் ஒரு சாதாரண வீட்டுக் கூரையில் இருக்கிறது. ஆனால் இதே திறமையோடு கட்டிய வீடுகள் வளர்ந்த ஊர்களிலும் இருந்தன, அங்கே அவை நிலைக்கவில்லை. கட்டியது திறமை, இடிக்காமல் விட்டது பணமின்மை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. வறுமை வீட்டைக் காப்பாற்றுமா, கூரை ஒழுகிச் சுவர் விழுந்து ஊரே அழியாதா? அழிந்திருக்கிறது. புல்மேடுகளாக மட்டும் எஞ்சிய ஊர்கள் இங்கிலாந்தில் ஏராளம். ஆகவே என் வாதத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பல ஊர்கள் தப்பியதற்கு ஒற்றை உடைமையாளரின் பிடியும் காரணம். வில்ட்ஷயரின் லாகாக் கிராமம் முழுவதும் டால்பட் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. குடியிருந்தவர்கள் வாடகைக்காரர்கள், விருப்பப்படி ஒரு சன்னலைக்கூட மாற்ற முடியாது. 1944இல் மடில்டா டால்பட் மாளிகையையும் ஊரையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தார். ஆனால் அதே அதிகாரம் அழிக்கவும் செய்தது. டார்செட்டில் மில்டன் என்ற சந்தை ஊர், பள்ளிக்கூடமும் விடுதிகளும் கொண்ட ஊர், பிரபு ஜோசஃப் டேமரின் மாளிகைக்கு முன்னால் காட்சியை மறைத்தது. குத்தகை முடிய முடிய அவர் வீடுகளை இடித்தார். 1780 வாக்கில், சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில், கூரை வேய்ந்த ஏறத்தாழ ஒரே மாதிரியான 36 வீடுகள் எழும்பின. ஒவ்வொன்றும் இரண்டு குடும்பங்களுக்கு. இன்று படங்களில் வரும் மில்டன் ஆபாஸ் அதுதான். அழகான தெரு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தன் ஊரை இழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட தெரு.

இப்படி எஞ்சியவற்றை அழகு என்று பார்க்கும் கண் பிறகுதான் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் கில்பின் போன்ற எழுத்தாளர்கள் கரடுமுரடான, சிதைந்த காட்சிகளை ரசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1811இல் பிரிஸ்டல் அருகே கட்டடக் கலைஞர் ஜான் நாஷ், ஒரு வங்கியாளரின் முன்னாள் பணியாளர்களுக்காக ஒன்பது குடில்களை வேண்டுமென்றே கோணல்மாணலாக வடிவமைத்தார். பழமையைப் புதிதாகவே கட்டிய ஊர் அது. பின் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1911 வாக்கில் லாவன்ஹாமின் கம்பளிக் கூடத்தை அரச குடும்பத்து இளவரசி ஒருவர் வாங்கிப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோக முயன்றார். ஊரார் எதிர்த்து அதைத் திரும்பப் பெற்றார்கள். செட்வொர்த்தில் இருந்த காட்ஸ்வோல்ட்ஸ் கல்வீடு ஒன்று அப்படித் திரும்பவில்லை. ஹென்றி ஃபோர்டு அதை வாங்கி 1930இல் கல் கல்லாகப் பிரித்து அமெரிக்காவில் தன் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். ஆர்லிங்டன் ரோவை ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1929இல் வாங்கிக் காத்தது. இந்த மீட்பர்கள் இல்லையென்றால் பலவும் போயிருக்கும், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் காத்தது வீடுகளை. அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லும் பொறுப்பை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிட்டார்கள்.

அழகாக இருக்கிறது, ரசித்துவிட்டுப் போகலாமே, பழைய துயரத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். துயரத்தை மறைத்தால் அழகையும் தவறாகப் புரிந்துகொள்வோம் என்பது என் பதில். மில்டன் ஆபாஸிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் டோல்படில் இருக்கிறது. அதுவும் பார்க்க அழகான ஊர்தான். அங்கே பண்ணைக் கூலிகளின் வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழாகக் குறைந்தது, ஆறாகக் குறையும் என்ற அச்சமும் இருந்தது. ஆறு பேர் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். இரகசிய உறுதிமொழி வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் 1834 மார்ச்சில் அவர்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் 1836இல் மன்னிப்பு கிடைத்தது. அவர்கள் நினைவாகத் தொழிற்சங்கங்கள் 1934இல் கட்டிய ஆறு வீடுகளும் ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. டார்செட் பக்கம் போகிறவர்கள் மில்டன் ஆபாஸின் வெள்ளைத் தெருவைப் பார்த்த அதே நாளில் டோல்படிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.