சுயகீழைத்தேயவாதம் (பன்னாட்டுக் கலைக்காட்சிகளில்)

கீழை நாடுகளைப் பற்றி மேற்குலகம் தீட்டிவைத்த சித்திரத்தை அந்நாட்டுக் கலைஞர்களே ஏற்றுத் தம் படைப்புகளில் முன்வைக்கும் போக்கு. அறிஞர் எட்வர்ட் சையித்தின் 1978-ஆம் ஆண்டு நூல் மேற்கின் இந்தப் பார்வையை விசாரித்தது. அப்பார்வை உருவானதில் ஆசியர்களுக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் ஆரிஃப் டிர்லிக் 1996-இல் வாதிட்டார்.

பாரிசில் 1989-இல் நடந்த ‘புவியின் மந்திரவாதிகள்’ காட்சிக்குப் பின் ஆசிய, ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்குப் பெரிய அரங்குகள் திறந்தன. படைப்பில் நாட்டு அடையாளம் தெரியவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்தது.

இப்போக்கு தொடர்பாக அதிகம் விவாதிக்கப்படுபவர் சீனரான சாய் குவோ-சியாங். இவருடைய ‘எதிரியின் அம்புகளை இரவல் பெறுதல்’ (1998) ஒரு பழைய மரப்படகின் எலும்புக்கூடு. உடலெங்கும் சுமார் 3,000 அம்புகள் தைத்திருக்க, பின்புறத்தில் மின்விசிறிக் காற்றில் சீனக் கொடி படபடக்கிறது. வைக்கோல் ஏற்றிய படகுகளை அனுப்பி எதிரியின் அம்புகளையே சேகரித்த பழங்கதை இதன் மூலம். மேற்குக்கு விற்கப்பட்ட சீனத்தனம் என்று இதை ஒதுக்குவது அநியாயம்; அம்பு எய்தவர் யார் என்று படைப்பே கேட்கிறது. ஆனால் கதை அறியாத மேற்குலகப் பார்வையாளருக்கு அதன் கவர்ச்சி மட்டுமே எட்டக்கூடும் என்பதும் மெய். மாவோ காலச் சிற்பத் தொகுதியான ‘வாடகை வசூல் முற்ற’த்தை 1999-இல் வெனிஸ் பன்னாட்டுக் கலைக்காட்சியில் மறுவுருவாக்கி அவர் தங்கச் சிங்க விருது பெற்றபோது, எதிர்ப்பு சீனாவிலிருந்தே கிளம்பியது; மூலச் சிற்பங்களுக்குரிய சிச்சுவான் நுண்கலைக் கழகம் வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தது.