அகலத்திரையும் மாதோட்டமும்
திரைப்பட வடிவங்களின் ஒளி, ஒலித் தரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ச் சினிமா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கதை, நடிகர், பாட்டு, அரசியல் என்பவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. படம் எத்தகைய திரையில், எவ்வளவு ஒளியில், எத்தனை ஒலிவழிகளோடு காட்டப்பெற்றது, அவ்வாறு காணும் வாய்ப்பு எவருக்குக் கிடைத்தது என்ற வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. தொழில்நுட்பம் பொறியியலாளருக்குரியது, கலை விமர்சகருக்குரியது என்ற பிரிவினையே இதற்குக் காரணம் எனலாம். இப்பிரிவினை பொருந்தாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்க முற்படுகிறோம்.

தமிழின் முதலாவது சினிமாஸ்கோப் படம் 1973 இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’. ஏ. பி. நாகராஜன் இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் மன்னனாக நடித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், 2022 செப்டெம்பரில், ஐமாக்ஸ் வடிவில் வெளியிடப்பட்ட முதலாவது தமிழ்ப் படம் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம். இதன் நாயகனான அருள்மொழிவர்மனும் பின்னாளில் இராஜராஜன் எனப்பட்டவனே. புதிய பெருந்திரை கிடைத்த இரு வேளையும் தமிழ்ச் சினிமா ஒரே மன்னனையே நாடிச் சென்றது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

இவ்வினாவைத் திருக்கேதீஸ்வரத்திலிருந்து எழுப்புவது பொருத்தமுடைத்து. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தைச் சூழ்ந்துள்ள மாந்தை மேடே பண்டைய மாதோட்டத் துறைமுகத்தின் எச்சமாகும். சோழராட்சியில் மாதோட்டம் இராஜராஜபுரம் என்னும் பெயரைப் பெற்றது. திரையில் நாம் காணும் மன்னனின் பெயர் ஒருகாலத்தில் இம்மண்ணுக்கே இடப்பட்டிருந்தது.

முதலில் வடிவங்களின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவோம்.

1952 இல் அமெரிக்காவில் மூன்று படவீழ்த்திகளைக் கொண்டு வளைந்த திரையில் காட்டப்பட்ட சினிராமாவும், 1953 இல் வந்த சினிமாஸ்கோப்பும், 1955 இல் வந்த டொட்-ஏஓ என்னும் 70 மில்லிமீற்றர் முறையும் ஒரே நெருக்கடியின் விளைவுகள். தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்து பார்வையாளரைப் பிரித்தெடுத்தபோது, வீட்டில் பெறமுடியாத ஒன்றை விற்கவேண்டிய நிலை ஹொலிவூட் முதலாளிகளுக்கு ஏற்பட்டது. எனவே திரையின் அகலம் கலைத் தேவையால் மட்டும் தோன்றியதன்று. அதற்குச் சந்தைத் தேவையும் காரணமாயிற்று.

சினிமாஸ்கோப் முறையில் காட்சி விசேட வில்லையினால் பக்கவாட்டில் இரு மடங்கு நெருக்கப்பட்டுச் சாதாரண 35 மில்லிமீற்றர் சுருளிற் பதியப்படும். காட்டும்போது அது மீண்டும் விரிக்கப்படும். புதிய சுருள் வேண்டியதில்லை என்பதே இதன் வணிக வெற்றிக்குக் காரணம். ஆனால் சுருளின் சிறு பரப்பிலுள்ள விபரமே பெருந்திரையை நிரப்பவேண்டும். 35 மில்லிமீற்றர் ஸ்கோப் சட்டகத்தின் பரப்பு ஏறத்தாழ 370 சதுர மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர்ச் சட்டகம் அதனைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிது. சுருளைக் கிடையாக ஓடவிடும் ஐமாக்ஸ் 1970 இல் ஒசாகா கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் சட்டகம் ஸ்கோப் சட்டகத்தினும் ஒன்பது மடங்கு பெரிது. படத்தின் தெளிவும் திரைக்குச் செல்லும் ஒளியும் இப்பரப்போடு நெருங்கிய தொடர்புடையன.

பெயர் மட்டும் பரப்பைத் தந்துவிடாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1975 இல் வந்த ‘ஷோலே’ 35 மில்லிமீற்றரிற் படமாக்கப்பட்டு 70 மில்லிமீற்றருக்குப் பெருப்பிக்கப்பட்டது. பெருப்பித்தலால் இல்லாத விபரம் தோன்றாது. எனினும் அகன்ற சுருளின் ஓரத்தில் காந்த ஒலிவரிகள் ஆறுக்கு இடமிருந்தமையால் ஒலி உண்மையாகவே மேம்பட்டது. தமிழின் முதல் 70 மில்லிமீற்றர்ப் படமான ‘மாவீரன்’ 1986 இல் வெளியாயிற்று. சுருளில் எடுத்த பழைய படங்களை ஐமாக்ஸ் திரைக்கேற்ப மறுபதனம் செய்யும் முறை 2002 இல் ‘அப்பல்லோ 13’ படத்துடன் தொடங்கியது. இன்று ஐமாக்ஸ் என்ற பெயரில் வரும் படங்களிற் பல அந்நிறுவனத்தின் பெருஞ்சுருளில் எடுக்கப்பட்டவை அல்ல.

ஒலியின் வரலாறு இதனினும் தெளிவானது. பழைய ஒற்றை ஒளிவரி ஒலியில் உச்சத் தொனிகள் வெட்டப்பட்டன. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே குழாயின் வழி வந்து சேர்ந்தன. எழுபதுகளின் நடுப்பகுதியில் வந்த டொல்பி ஸ்ரீரியோ முறை, இரு ஒளிவரிகளுக்குள் நான்கு ஒலிவழிகளை அடக்கி இரைச்சலையும் குறைத்தது. தமிழில் டொல்பி 1995 இல் ‘குருதிப்புனல்’ படத்துடன் வந்தது. ஒலியை இறுவட்டில் தனியே வைத்துச் சுருளோடு இணைத்தோட்டும் டிரிஎஸ் முறை 1996 இல் ‘கருப்பு ரோஜா’ மூலம் அறிமுகமாயிற்று. 2012 இல் முப்பரிமாணமாக மீள வெளியிடப்பட்ட ‘சிவாஜி’ டொல்பி அட்மொஸ் முறையைக் கொணர்ந்தது. அட்மொஸ் முறையில் 128 வரையான ஒலிக்கூறுகள் தனித்தனியே கையாளப்பட்டு, கூரை உட்பட 64 வரையான ஒலிபெருக்கி வழிகளுக்குப் பங்கிடப்படுகின்றன.

2005 இல் டிஜிற்றல் திரையிடலுக்கான பொதுத் தரம் வகுக்கப்பட்டது. அகலத்தில் 2048 புள்ளிகள் கொண்டது 2கே எனவும், 4096 புள்ளிகள் கொண்டது 4கே எனவும் வழங்கும். விளம்பரங்கள் பின்னையதை இரு மடங்கு மேன்மையாகக் காட்டும். ஆனால் வழமையான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கினுஞ் சிறிய கோணத்தைப் பிரித்தறியாது. இதனைக் கணித்தால், திரை அகலத்தின் ஏறத்தாழ 1.7 மடங்குக்கு அப்பால் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே. புள்ளிகளின் தொகையினும் ஒளியும் கருமையுமே பின்னிருக்கையில் வேறுபாட்டை உணர்த்தும். டிஜிற்றல் திரைக்கு வகுத்த ஒளியளவு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. லேசர் ஒளியைக் கொண்ட டொல்பி சினிமா அரங்குகள் 108 வரை தருகின்றன. கருமையை உண்மையான கருமையாகக் காட்டுவதில் இவையே முன்னிற்கின்றன. உயரத்தாலும் பார்வையை நிரப்பும் ஆற்றலாலும் ஐமாக்ஸ் மேம்பட்டது. நிழலையும் இருளையும் நம்பிய படத்துக்கு முன்னையதும், நிலத்தையும் கடலையும் படையையும் நம்பிய படத்துக்குப் பின்னையதும் பொருந்தும் என்பது எமது துணிபு.

இனி, இத்தரம் யாரை அடைந்தது என்பதை நோக்குவோம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு வழிவந்த படிநிலையன்று, வாங்கும் ஆற்றலே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் எடுத்துக்காட்டினார். இக்கருத்தை இன்று நாம் மேலும் ஒரு படி நகர்த்தவேண்டியுள்ளது. பழைய கொட்டகையில் கலரியில் இருந்தவரும் பல்கனியில் இருந்தவரும் வெவ்வேறு விலை கொடுத்தனர். ஆயினும் இருவரும் ஒரே பிரதியை, ஒரே கார்பன் விளக்கின் ஒளியிற் கண்டனர். இன்றோ வாங்கும் ஆற்றல் இருக்கையை மட்டுமன்றிப் படத்தின் உயரத்தையும் கருமையையும் ஒலியின் திசையையும் தீர்மானிக்கிறது. ஒரு கூரை பல கூரைகளாயிற்று.

இடத்தாலும் இவ்வேற்றுமை விளைந்தது. இலங்கையில் 1972 இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன்பால் எடுத்துக்கொண்டபின் இந்தியப் படங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. பிரதிகள் நகரங்களில் ஓடித் தேய்ந்த பின்னரே சிற்றூர்களை எட்டுவது சுருள் காலத்தின் பொது நியதி. போர்க்காலத்தில் வடபுலத்து அரங்குகள் பல அழிந்தன, அல்லது மூடப்பட்டன. 1990 இன் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் மின்பிறப்பாக்கியும் வீடியோ நாடாவும் தொலைக்காட்சிப் பெட்டியுமே ‘மினி சினிமா’ ஆயின. அகலத்திரைப் படமொன்று நான்குக்கு மூன்று என்ற அளவுடைய பெட்டியை நிரப்புமாறு வெட்டப்படும்போது நூற்றுக்கு 43 பங்கு மறைந்துபோகும். சோழனின் படை அணிவகுத்தால் அதில் ஏறக்குறையப் பாதியே அப்பெட்டிக்குள் அடங்கும். ஒரு தலைமுறை பெருந்திரைப் படங்களை இவ்வாறே கண்டது. 2013 இல் யாழ்ப்பாணத்தில் புதிய வணிகக் கட்டடத்துள் பல திரை அரங்கு திறக்கப்பட்டபோது மக்கள் காட்டிய ஆர்வத்தை இப்பின்னணியிலேயே விளங்கவேண்டும். திருக்கேதீஸ்வரத்திலிருந்து அந்நகர் 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர்.

மன்னனைப் பற்றிய வினாவுக்கு மீள்வோம். பெருந்திரைக்குப் பெருஞ்செலவு வேண்டும். பெருஞ்செலவுக்கு முன்னரே அறிமுகமான பெருமிதம் வேண்டும். அகலம் படையையும் கப்பலையும் கோபுரத்தையும் கேட்கிறது. இவை அனைத்தையும் ஒருங்கே தரும் பொருள் தமிழிற் சோழப் பேரரசே. ஆதலால் வடிவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தெரிந்தெடுத்தன. அதன் பயனாக வரலாறு என்பது வெற்றிகளின் வரலாறாகவே பெருப்பிக்கப்படுகிறது. பல இனத்தவரும் வாழும் இத்தீவில் அநுராதபுரத்தின் வீழ்ச்சியைப் பெருமிதமாக மட்டும் காண்பது வரலாற்றுணர்வு ஆகாது.

மாதோட்டத்துக் கல்வெட்டுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. இங்கு இராஜராஜ ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்தவன் மன்னனல்லன், சோழமண்டலத்துச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பான். முதலாம் இராஜேந்திரன் காலத்துக்குரிய மற்றொரு கல்வெட்டு, திருவிராமீச்சரக் கோயிலில் விளக்கெரிப்பதற்குக் காசு வைப்பிடப்பட்டதைக் கூறுகிறது. அதனைப் பொறுப்பேற்று வட்டியால் விளக்கைப் பேணவேண்டியவர்கள் சங்கரபாடியாராகிய எண்ணெய் வணிகரும், வெற்றிலை வாணியரும், வாழைக்காய் வாணியரும் ஆவர். மாதோட்டத்தின் ஒளி வரலாறு இவர்களுடையது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த மாந்தை அகழ்வு சீனத்து, மேற்காசிய மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. போர்ச்சூழலால் அப்பணி இடைநின்றது. அரேபியரும் சீனரும் தமிழரும் சிங்களவரும் சந்தித்த அத்துறைமுக வாழ்க்கையை முதன்மைப்படுத்திய திரைப்படம் எதனையும் நாம் கண்டிலோம்.

தொழில்நுட்பத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. டிஜிற்றல் முறை ஒரு நன்மையைச் செய்துள்ளது. கீறல் விழுந்த பிரதி என்ற இழிவு ஒழிந்தது. கொழும்பில் ஓடும் பிரதியும் மன்னாரில் ஓடக்கூடிய பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. உரிய ஒளியளவும் சீர்செய்யப்பட்ட ஒலியும் உள்ள எளிய 2கே அரங்கு, பராமரிப்பற்ற ஆடம்பர அரங்கினும் மேலானது என்பதை மேலே தந்த கணக்குகள் உணர்த்தும். எனவே தலைநகரில் இன்னொரு மாபெருந் திரையைவிட, மாவட்டந்தோறும் செம்மையான ஒரு சிறு அரங்கே எமது தேவை. அத்திரையில் ஏற வேண்டியவருள் மன்னனோடு வாழைக்காய் வாணியனும் ஒருவன். அவன் காத்த விளக்கைக் காட்ட ஒன்பது மடங்கு சட்டகம் வேண்டியதில்லை. அதனைக் காட்டத்தக்க வரலாற்று நோக்கே வேண்டும்.