சரிவு நிலத்தில் ஆளுக்கொரு பாத்தி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட் என்றொரு பகுதி இருக்கிறது. சீனர்களும் ஜப்பானியர்களும் பிலிப்பினோக்களும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறிய இடம். 1970களில் அங்கே இருந்த பழைய ஹோட்டல்களின் ஒற்றை அறைகளில் ஏராளமான முதியவர்கள் தனியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலாஸ்காவின் சால்மன் மீன் ஆலைகளில் உழைத்து ஓய்ந்த பிலிப்பினோ ஆண்கள் அவர்களில் உண்டு. 1882 முதல் 1943 வரை அமலில் இருந்த சீனர் விலக்குச் சட்டத்தால் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் போன சீனர்களும் உண்டு.

முந்தைய பத்தாண்டில்தான் அந்தப் பகுதியைப் பிளந்துகொண்டு ஐ-5 நெடுஞ்சாலை போயிருந்தது. 1972இல் பக்கத்திலேயே கிங்டோம் என்ற பிரம்மாண்ட விளையாட்டரங்குக்கு அடிக்கல் நாட்டினார்கள். வாடகை ஏறும், கிழவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்று இளைஞர்கள் விழா நடந்த இடத்திலேயே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அரங்க வேலை நிற்கவில்லை, கட்டியே விட்டார்கள். ஆனால் அந்தப் போராட்டம் வீணாகவில்லை. முதியவர்களுக்கு வீடு, சாப்பாடு, மருத்துவம் என்று கேட்கும் ஓர் அணி அதிலிருந்து திரண்டது. அதன் முன்னணியில் நின்றவர் பாப் சான்டோஸ். ஊருக்கே அவர் ‘அங்கிள் பாப்’.

அந்த அணியின் முயற்சியில் முதியவர்களுக்கென ஒரு தோட்டம் பிறந்தது 1975இல். உணவகம் நடத்திவந்த டேனி வூ என்பவருக்கு மேட்டுச் சரிவில் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. வருடத்துக்கு 1 டாலர் குத்தகைக்கு அதைக் கொடுத்தார். தொண்டர்கள் புதரை வெட்டினார்கள். பழைய தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, சரிவைப் படிப்படியாகச் சமன்செய்து பாத்தி கட்டினார்கள். ஆளுக்கொரு பாத்தி. அதில் என்ன போடுவது என்பது பாத்திக்காரர் இஷ்டம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது தோட்டத்தின் உயிர். ஒரு பாத்தியில் சீனக்கீரை, அடுத்ததில் கொரியர்கள் விரும்பும் பெரில்லா இலை, இன்னொன்றில் பந்தலேறும் பாகல். கடையில் கிடைக்காத, கிடைத்தாலும் நாக்குக்கு ஒத்துவராத காய்கறி, கைக்கெட்டும் தூரத்தில் விளைந்தது. பக்கத்துப் பாத்திக்காரரின் மொழி தெரியாதவர்களும் அங்கே தோளோடு தோள் நின்று களை பறித்தார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில், நாட்டின் மறுகோடியில், கனெக்டிகட்டின் ஆர்டன் ஹவுஸ் முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் செடியைக் கொடுத்து, வளர்ப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். அன்றாட விஷயங்களிலும் நீங்களே முடிவெடுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது செவிலியர் வேலை. 1976இல் வெளியான முடிவு, பொறுப்பேற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்ததைக் காட்டியது. சியாட்டில் முதியவர்களுக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களில் பலர் மண்ணில் பிறந்து வளர்ந்த விவசாயிகள்.

சரிவு என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறி இறங்குவது சிரமம்தான். 1980களின் இறுதியிலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் பலமுறை வந்து நிழற்கூரை, கருவிக் கொட்டகை, உட்காரத் திண்ணை என்று தங்கள் கையாலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பிறகு கோழிக்கூண்டும் வந்தது.

டேனி வூ தோட்டம் முதியோர் இல்லத்துக்குள் இருக்கும் தோட்டம் அல்ல. ஆனாலும் இல்லத் தோட்டம் வரைகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம் அது. புல்தரையும் நீரூற்றும் போட்டு, எட்ட நின்று பாருங்கள் என்று முதியவர்களை உட்கார வைத்துவிடுவது சுலபம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்திருக்கும் இல்லம் என்றால் அது போதாது. வரைபடத்தில் கோடு போடுமுன், அங்கே குடியிருப்பவர்களைக் கூட்டி, சின்ன வயதில் வீட்டுக் கொல்லையில் என்ன வளர்ந்தது என்று கேளுங்கள். குனியாமல் கை எட்டும் உயரத்தில் பாத்தி கட்டி, அந்த விதையை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.